போர்வை பாதியானால் வேலையும் பாதியா?

தீபாவளிப் பட்டாசுச் சத்தம் ஓய்ந்ததும் தில்லியில் ரஜாய்களுக்கு யோகம் பிறந்துவிடும். பரணில் உறங்கியவை மொட்டை மாடியில் வெயில் காயும். முன்பெல்லாம் பஞ்சு கொட்டுபவர் தோளில் வில்லைச் சுமந்து தெருத் தெருவாகக் கூவி வருவார். இப்போது அந்த வேலையைப் பெரும்பாலும் இயந்திரம் பார்க்கிறது. சேலத்திலும் விழுப்புரத்திலும் ஒரு பருத்திப் போர்வையோடு மார்கழியைத் தள்ளிய நம்மவர்களுக்கு, தில்லியின் முதல் ஜனவரியிலேயே ரஜாயின் அருமை விளங்கிவிடும்.

இந்த ரஜாய்க்கு ஏழைத் தங்கை ஒருத்தி உண்டு. அவள்தான் ஒட்டுப் போர்வை. பழைய துணிகளைத் துண்டு துண்டாக வெட்டி, கட்டம் கட்டமாகச் சேர்த்து, சுற்றிலும் கரை வைத்து, அடியில் இன்னும் சில பழந்துணிகளை அடுக்கி, நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டால் ஒட்டுப் போர்வை தயார். ஜன்பத் சாலையின் பக்கத்துச் சந்தில் குஜராத்திப் பெண்கள் விரித்து வைத்து விற்பதில் இதுவும் ஒன்று. 1994-இல் ஐ.என்.ஏ. பகுதியில் திறக்கப்பட்ட தில்லி ஹாட்டிலும் இதைப் பார்க்கலாம்.

அண்மைக் காலத்தில் இந்தப் போர்வைகள் சிறுத்து வருகின்றன. இருவர் படுக்கும் கட்டிலுக்கு வேண்டியது என்ற நிலை மாறி, மடியில் போட்டுக்கொள்ளும் சிறு போர்வை, குழந்தையைக் கிடத்தும் விரிப்பு, நாற்காலிக்கு மெத்தை உறை என்று கேட்கிறார்கள். ஒற்றை அறை வீட்டில் பெரிய போர்வையை வைக்க இடமில்லை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊருக்கு எடுத்துப் போகவும் சிறியதே வசதி. வெளிநாட்டுப் பயணிக்கும் பெட்டியில் அடங்கினால்தான் வாங்க மனம் வரும்.

பெரியதைச் சிறியதாக்குவது சுலபம் என்றுதான் எவருக்கும் தோன்றும். எல்லா அளவையும் பாதியாக்கினால் தீர்ந்தது! ஆனால் தைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், போர்வையில் சில சுருங்கும், சில சுருங்காது என்று. எது சுருங்காது என்று தெரியாதவருக்குத் துணி வீணாகும். தெரிந்தும் வாய் திறக்காதவருக்குக் கூலி போய்விடும்.

ரல்லியும் தேர்ச்சீலையும்

ராஜஸ்தானத்து பார்மேர், ஜெய்சல்மேர் பக்கங்களிலும், குஜராத்தின் கட்ச் பகுதியிலும், எல்லைக்கு அப்பால் சிந்துவிலும் இந்த ஒட்டுப் போர்வைக்கு ரல்லி என்று பெயர். கலப்பது, சேர்ப்பது என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1971 போருக்குப் பின் சிந்துவின் தார்பார்க்கர் பகுதியிலிருந்து பல குடும்பங்கள் பார்மேருக்கும் கட்சுக்கும் குடி வந்தன. வந்தவர்கள் கைவேலையையும் கூடவே கொண்டு வந்தார்கள்.

வங்காளத்தில் பழம்புடவைகளை அடுக்கித் தைப்பதைக் காந்தா என்பார்கள். நாம் சொல்லும் கந்தையும் அதுவும் ஒரே வடசொல்லிலிருந்து பிறந்தவை. கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்னது நம் ஊர். கந்தையைக் கோலமாகத் தைத்துக் காட்டியது வங்காளம்.

ஒட்டுத் துணி வேலை நமக்கும் புதிதல்ல. தஞ்சாவூர்ப் பக்கம் தேருக்குக் கட்டும் தேர்ச்சீலைகளையும், தேரின் நாலு பக்கமும் உருளையாகத் தொங்கி ஆடும் தொம்பைகளையும் நினைத்துப் பாருங்கள். துணி மேல் வேறு வண்ணத் துணியை வெட்டி வைத்துத் தைத்த யாளியும் மயிலும் தாமரையும் அவற்றில் நிறைந்திருக்கும். ஆளுயரத் தொம்பையை வீட்டு வாசலில் தொங்கவிட முடியாது. எனவே அதையே சிறிதாக்கி அலங்காரப் பொருளாகத் தைக்கிறார்கள். தேர்ச்சீலை தைப்பவருக்கும் ரல்லி தைப்பவருக்கும் இன்று எதிரே நிற்கும் கேள்வி ஒன்றுதான். பெரியதற்கென்று பிறந்த கோலத்தைச் சிறியதில் எப்படி அடக்குவது?

பாதியாக்கும் கணக்கு

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 60 அங்குலச் சதுரத்தில் ஒரு போர்வை. அதில் பக்கத்துக்கு 5 வீதம் 25 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் 12 அங்குலம். ஒரு கட்டத்துக்கு மூன்று வரிசையில் மும்மூன்றாக 9 துண்டுகள். ஆக மொத்தம் 225 துண்டுகள். தைத்து முடித்த பின் ஒவ்வொரு துண்டும் 4 அங்குலம் இருக்க வேண்டும். நாலு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் உள்ளே போகும். ஆகவே 4½ அங்குலமாக வெட்டுவார்கள்.

இதைப் பாதியாக்கி 30 அங்குலப் போர்வை தைக்க வேண்டும். 4½-இல் பாதி 2¼ என்று வெட்டினால் அங்கேதான் சறுக்கல். தையலுக்கு விடும் கால் அங்குலம் பாதியாவதில்லை. ஊசி அதே ஊசி, விரல் அதே விரல். அரைக்கால் அங்குலத்தில் தைத்தால் இரண்டு தோய்ச்சலில் பிரிந்து வரும். 2¼ அங்குலத் துண்டைத் தைத்து முடித்தால் மிஞ்சுவது 1¾ அங்குலமே. கட்டம் 6 அங்குலத்துக்குப் பதில் 5¼ ஆகும். ஐந்து கட்டம் சேர்த்தால் 26¼ அங்குலம். போர்வையில் 3¾ அங்குலம் காணாமல் போயிருக்கும்! முன்பே வெட்டி வைத்த கரை பொருந்தாது.

சரியான முறை இது. தைத்து முடித்த அளவை முதலில் பாதியாக்க வேண்டும். பிறகுதான் தையலுக்கான அரை அங்குலத்தைக் கூட்ட வேண்டும். 4-இல் பாதி 2. அதோடு ½ சேர்த்து 2½ அங்குலமாக வெட்ட வேண்டும். முக்கோணத் துண்டுகளுக்கும் இதே விதிதான். இரண்டு முக்கோணம் சேர்ந்து ஒரு சதுரம் ஆவதென்றால், முடித்த அளவோடு ⅞ அங்குலம் கூட்டிச் சதுரமாக வெட்டி, மூலைக்கு மூலை அறுக்க வேண்டும். 4 அங்குலத்துக்கு 4⅞. 2 அங்குலத்துக்கு 2⅞. கூட்டும் ⅞ என்றும் மாறாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எல்லா அளவும் டேப்பில் விழாது. ஒன்பது துண்டுக் கட்டத்தை 4 அங்குலமாக்கினால் ஒரு துண்டு 1⅓ அங்குலம். தையல்காரர் டேப்பில் அரை உண்டு, கால் உண்டு, அரைக்கால் உண்டு. மூன்றில் ஒன்று எங்கே இருக்கிறது? எனவே மூன்றால் வகுபடும் கட்டங்களையே எடுத்துக்கொள்வது நல்லது. 9 அங்குலம், 6 அங்குலம், 4½ அங்குலம் ஆகியவை சரியாக வரும். வரிசைக்கு நாலு துண்டு உள்ள கட்டமானால் 8, 6, 4 ஒத்து வரும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படிக்கும் மகனோ மகளோ வீட்டில் இருந்தால், வெட்டுவதற்கு முன் கணக்கை ஒரு தரம் சரிபார்க்கச் சொல்லலாம். பின்னக் கணக்கு எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

துண்டு சிறுக்கச் சிறுக்க உள்ளே மறையும் துணி கூடிக்கொண்டே போகும். 4½ அங்குலத் துண்டில் தையலுக்குள் போவது நூற்றுக்கு 21 பங்கு. 2½ அங்குலத் துண்டில் 36 பங்கு. 1½ அங்குலமாக வெட்டி 1 அங்குலம் தெரியும்படி தைத்தால் பாதிக்கு மேல், அதாவது 56 பங்கு, உள்ளே போய்விடும். போர்வை வெளியில் அழகாக இருந்தாலும் உள்ளே முண்டு முடிச்சாகத் தடிக்கும், ஊசி இறங்காது. எனவே சிறு துண்டுக்கு மெல்லிய துணியே ஏற்றது. ரவிக்கைக்கு வாங்கும் டூ பை டூ துணி போதும். கெட்டித் துணியை இதில் சேர்க்கக் கூடாது. பெரிய பூப்போட்ட புடவையும் உதவாது. இரண்டு அங்குலத்தில் பூ தெரியாது, இதழின் ஓரந்தான் தெரியும். பொடிப் பூ, சன்னக் கோடு, வெறும் வண்ணம் ஆகியவையே எடுப்பாக இருக்கும்.

கரை பொருந்த வேண்டும்

புடவைக்குக் கரை எப்படியோ, ஒட்டுப் போர்வைக்கும் அப்படியே. ரல்லிக் கரைகளில் முக்கோண வரிசை அதிகம். காஞ்சிபுரத்துக் கோபுரக் கரையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

நடுப்பகுதியைச் சுருக்கிவிட்டுக் கரையை மட்டும் பழைய அகலத்தில் விடுவது பலரும் செய்யும் தவறு. 60 அங்குலப் போர்வைக்கு 6 அங்குலக் கரை அழகு. 30 அங்குலத்துக்கும் அதே 6 அங்குலம் வைத்தால் மொத்தம் 42 அங்குலம் ஆகும். அதில் நடுப்பகுதி 900 சதுர அங்குலம், கரை 864 சதுர அங்குலம். சட்டம் பெரிதாகிப் படம் சிறுத்த கதைதான். கரையையும் பாதியாக்கி 3 அங்குலம் வைத்தால் மொத்தம் 36 அங்குலம் வரும். கண்ணுக்கும் ஒழுங்காக இருக்கும். பழைய போர்வையில் மூன்று கரைகள் இருந்தால் மூன்றையும் நசுக்கித் திணிக்க வேண்டியதில்லை. ஒன்றை விட்டுவிடலாம். ஆனால் வெளிக்கரையை விடக்கூடாது. போர்வையை முடித்து வைப்பது அதுதான்.

முக்கோணங்கள் மூலையில் வெட்டுப்படாமல் முழுசாக முடிய வேண்டும். 30 அங்குலப் பக்கத்துக்கு 2½ அங்குல முக்கோணம் 12 வரும். 2 அங்குல முக்கோணம் 15 வரும். இரண்டுமே சரி. நடுப்பகுதி எப்படியோ 31 அங்குலமாக வந்துவிட்டால் என்ன செய்வது? முக்கோணத்தை இழுத்துப் பிடித்துத் தைத்தால் போர்வை சுருண்டு நிற்கும். நடுவுக்கும் கரைக்கும் இடையே சுற்றிலும் அரை அங்குலம் தெரியும்படி வெறும் துணிப் பட்டி ஒன்று வைத்தால் 32 அங்குலம் ஆகிவிடும். 2 அங்குல முக்கோணம் 16 சரியாக உட்காரும். மூலையில் கரை அகலத்துக்கே ஒரு தனிச் சதுரம் வைத்துவிட்டால் தொல்லை இல்லை.

துணி மேல் துணி வைத்துத் தைக்கும் தாமரை, மயில் போன்ற உருவங்களுக்குக் கணக்கு வேறு. அவற்றில் குறுகிய கழுத்தும் கூர்மையான முனையுமே சங்கடம். ஓரத்தை உள்ளே மடிக்க இடம் வேண்டுமே! உருவத்தை அப்படியே சிறிதாக்கினால் மயிலின் கழுத்து மடிப்பில் மறைந்துவிடும். எட்டிதழ்த் தாமரையை நாலிதழாக்குவதும், கழுத்தைச் சற்றுப் பருமனாக்குவதும் தவறல்ல. உருவம் தூரத்திலிருந்து அடையாளம் தெரிந்தால் போதும்.

குழந்தைக்காகத் தைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும்போது தளர்வான போர்வையை மேலே போடக் கூடாது என்பதே இன்றைய குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. ஆகவே அந்தச் சிறு போர்வை, விழித்திருக்கும் குழந்தையைத் தரையில் கிடத்தும் விரிப்பாக இருக்கட்டும். தூங்கும்போது எடுத்து வைத்துவிடலாம்.

எதைச் சுருக்குவது, எதைக் குறைப்பது

சிறிதாக்க இரண்டு வழிகள் உண்டு. கட்டங்களின் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு அளவைச் சுருக்குவது ஒரு வழி. அளவைச் சற்றே சுருக்கி எண்ணிக்கையைக் குறைப்பது மற்றொரு வழி. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அமெரிக்கப் பெண்கள் தொட்டிலுக்குத் தைத்த ஒட்டுப் போர்வைகளிலும் இந்த இரண்டு வழிகளையும் காணலாம்.

அதே 30 அங்குலத்துக்கு, 9 அங்குலக் கட்டங்கள் 9 மட்டும் வைத்தால் 27 அங்குலம் வரும். சுற்றிலும் 1½ அங்குலப் பட்டி வைத்தால் 30 ஆகிவிடும். இதில் துண்டுகள் 81 மட்டுமே. ஒவ்வொன்றும் 3½ அங்குலமாக வெட்ட வேண்டியது. சுருக்கும் வழியிலோ 225 துண்டுகள். இன்னொரு நடுவழியும் உண்டு. 6 அங்குலக் கட்டங்கள் 25-இல் 13-ஐ மட்டும் ஒட்டுக் கட்டமாகவும், இடையிடையே 12-ஐ வெறும் துணியாகவும் வைத்தால் மொத்தம் 129 துண்டுகளில் வேலை முடியும். வெறும் கட்டங்களில் ஓட்டுத் தையல் நன்றாகத் தெரியும்.

முதல் வழியில் பழைய கோலம் முழுசாக வரும். இரண்டாவது வழியில் உழைப்பு மிச்சம். எந்த வழி என்பதை, துணியைக் கையில் எடுக்கும் முன்பே தீர்மானிக்க வேண்டும். ஏனென்றால் கூலி அதில்தான் இருக்கிறது.

கூலிக் கணக்கு

வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கும் பெண்களிடம் வேலை கொடுப்பவர் சாதாரணமாகச் சொல்லும் வாதம் இது: “பக்கம் பாதி, பரப்பு கால் பங்கு. கூலியும் கால் பங்குதானே?” கேட்க நியாயமாகத்தான் தோன்றும். நம் உதாரணப் போர்வையையே வைத்துப் பார்ப்போம். கரையை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம்.

துணியைப் பாருங்கள். பெரிய போர்வையின் மேல்பக்கத்துக்கு 225 துண்டுகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 4,556 சதுர அங்குலம். சிறியதற்கு 1,406. அது கால் பங்கு அல்ல, நூற்றுக்கு 31 பங்கு. துண்டுகளை மூட்டும் தையல் பெரியதில் 1,680 அங்குலம், அதாவது 140 அடி. சிறியதில் 70 அடி. அது பாதி. மேலிருந்து அடிவரை அரை அங்குல இடைவெளியில் போடும் ஓட்டுத் தையல் மட்டுமே உண்மையில் கால் பங்காகிறது. 7,200 அங்குலம் 1,800 ஆகிறது. வெட்டி, வண்ணம் பார்த்து, வரிசைப்படுத்தி, முனை சேர்த்துப் பிடிக்க வேண்டிய துண்டுகளோ அன்றும் 225, இன்றும் 225. ஒன்றுகூடக் குறையவில்லை.

ஒரு பேச்சுக்குப் பெரிய போர்வையின் கூலி 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வெட்டி அடுக்க 400, மூட்ட 800, ஓட்டுத் தையலுக்கு 800. சிறியதற்கு வெட்டி அடுக்க அதே 400. மூட்டப் பாதியாக 400. ஓட்டுத் தையலுக்குக் கால் பங்காக 200. மொத்தம் 1,000 ரூபாய். பரப்பைப் பார்த்துக் கூலி போடுபவர் கொடுப்பது 500. மீதி 500 ரூபாய் யாருடைய பையில் போகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. சிறு துண்டின் முனையைச் சேர்ப்பதில் கண்ணுக்கு உண்டாகும் சிரமத்தை இந்தக் கணக்கு சேர்க்கவே இல்லை.

ஆமதாபாத் காட்டிய வழி

இது கற்பனைச் சண்டை அல்ல. ஆமதாபாத் ஜவுளி மில்கள் கழித்துப் போடும் துண்டுத் துணிக்குச் சிந்தி என்று பெயர். அந்தச் சிந்தியை ஒன்று சேர்த்து, கோல் எனப்படும் ஒட்டுப் போர்வை உறைகளை வீட்டிலிருந்தே தைத்து வந்தார்கள் அந்நகரத்துப் பெண்கள். வியாபாரி சிந்தியைக் கொடுப்பார், தைத்ததை வாங்கிக்கொள்வார், எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று கூலி தருவார்.

1972-இல் எலா பட் ஆமதாபாத்தில் ‘சேவா’ என்ற பெண் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். 1970-களின் பிற்பகுதியில் இந்தச் சிந்திப் பெண்கள் அதில் சேர்ந்து கூலி உயர்வு கேட்டார்கள். கேட்டவர்களுக்கு வியாபாரிகள் வேலையை நிறுத்தினார்கள். பெண்கள் ஓய்ந்துவிடவில்லை. மில்லிலிருந்து நேரடியாகத் துண்டுத் துணி பெற்றுத் தைக்கவும் விற்கவும் வழி தேடினார்கள். அதிலிருந்து சபீனா என்ற கூட்டுறவு அமைப்பு பிறந்தது.

துண்டுக் கணக்கில் வேலை செய்பவர்களுக்கும் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்க 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டமே இடம் கொடுத்தது. வீட்டிலிருந்து வேலை செய்பவரையும் மற்றத் தொழிலாளருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் 177-ஆம் எண் உடன்படிக்கையை ஏற்றது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் சேவாவும் ஒன்று. எலா பட் 2022-இல் மறைந்தார்.

தில்லியில் துண்டுத் துணிக்குப் பஞ்சமில்லை. காந்தி நகரில் ஆயத்த ஆடை தைக்கும் கூடங்கள் ஏராளம். மங்கோல்புரியில் கத்ரன் சந்தை என்றே துண்டுத் துணிக்கு ஒரு சந்தை உண்டு. சரிகைக் கரையும் பட்டியும் வேண்டுமானால் சாந்தினி சௌக் பக்கத்துக் கினாரி பஜார் இருக்கிறது. வேலை முடிந்த பின் மாலையில் ஊசி பிடிக்கும் நம் பெண்களுக்குத் தேவைப்படுவது துணியைவிட ஒரு கணக்கு நோட்டுத்தான்.

அந்த நோட்டில் நாலு வரி எழுதினால் போதும். எத்தனை துண்டு, எத்தனை அடி மூட்டுத் தையல், எத்தனை அங்குலம் ஓட்டுத் தையல், கரைக்கு எத்தனை முக்கோணம். இந்த நாலையும் எழுதி வைத்த பிறகு கூலி பேசினால், “பாதிப் போர்வைதானே அம்மா” என்ற பேச்சுக்குப் பதில் கையிலேயே இருக்கும். கால் பங்குக் கூலிதான் தருவேன் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு, 225 துண்டுப் போர்வை வேண்டாம், 81 துண்டுப் போர்வை தைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிடலாம். அதுவும் 30 அங்குலந்தான், அதுவும் அழகுதான்.